கல்தூசியும் இரண்டாண்டுக் கெடுவும்

திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாக வானூர் வட்டத்துக்குள் சென்றவர்கள் திருவக்கரையை அறிந்திருப்பார்கள். வக்கிரகாளியம்மன் கோயிலுக்காகச் சிலர் போவார்கள். கல்மரங்களைப் பார்க்கச் சிலர் போவார்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதையுண்ட மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்ல மரத்தின் இழைகளுக்குள் புகுந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் 1781ஆம் ஆண்டிலேயே இவற்றைக் கவனித்திருக்கிறார். பூங்காவைக் காணப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வரும் பேருந்து, வழியில் ஜல்லி லாரிகளுக்கு ஒதுங்கித்தான் வர வேண்டும். ஏனெனில் அதே வட்டாரத்தில் கல்குவாரிகளும் கல் அரைக்கும் கிரஷர்களும் நிறைய.

மரத்தைக் கல்லாக்கிய அந்தச் சிலிக்காவே இக்கட்டுரைக்கும் பொருள். கல் உடைப்பவரின் நுரையீரலுக்குள் அது எப்படிப் புகுகிறது, புகுந்து என்ன செய்கிறது, அதற்காக அவர் நட்டஈடு கேட்டால் சட்டம் அவரிடம் என்ன கேட்கிறது என்பதைப் பார்ப்போம்.

நாம் கருங்கல் என்று பொதுவாகச் சொல்லும் பாறைகளுள் சார்னோக்கைட் ஒன்று. வட தமிழ்நாட்டில் இது பரவலாகக் கிடைக்கிறது. இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தா நகரின் தொடக்கத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஜாப் சார்னோக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்குச் சென்னைப் பல்லாவரத்துக் கல் போயிருக்கிறது. அதை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893ஆம் ஆண்டு அந்தப் பாறை வகைக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார். கல்லை வெட்டி எடுத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. சார்னோக்கைட்டிலும் கிரானைட்டிலும் குவார்ட்ஸ் என்னும் படிகச் சிலிக்கா கணிசமான பங்கு வகிக்கிறது. முழுக் கல்லாக இருக்கும்வரை அதனால் யாருக்கும் கேடில்லை. உடைக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

எந்தத் தூசி கெட்டது? கிரஷரின் பக்கத்தில் நிற்கும்போது கண்ணை உறுத்தி, தலைமுடியை நரைக்கச் செய்வதுபோல் படியும் தூசியைத்தான் நாம் அஞ்சுகிறோம். அது அவ்வளவு பொல்லாதது அன்று. மூக்கும் தொண்டையும் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும், சளியோடு வெளியேறிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத தூசிதான் உள்ளே போகிறது.

பதினோராம் வகுப்பில் இயற்பியல் படித்தவர்களுக்கு ஸ்டோக்ஸ் விதி நினைவிருக்கும். காற்றில் விழும் சிறு உருண்டை ஒன்று சற்று நேரத்தில் மாறாத வேகத்தை அடைகிறது. அதுவே முற்றுத் திசைவேகம். அது உருண்டையின் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே விட்டம் பத்தில் ஒன்றானால் விழும் வேகம் நூற்றில் ஒன்றாகிவிடும். குவார்ட்ஸின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 2,650 கிலோகிராம் என்று எடுத்துக்கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 10 மைக்ரான் விட்டமுள்ள துகள் விநாடிக்கு 8 மில்லிமீட்டர் வீதம் விழும். மூக்கின் உயரமாகிய ஒன்றரை மீட்டரிலிருந்து தரையைத் தொட அதற்கு 3 நிமிடம் போதும். 1 மைக்ரான் விட்டமுள்ள துகளுக்கோ 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது காற்றே அசையாத அறையில். திறந்த வெளியில், எந்திரங்கள் ஓடும் இடத்தில், அது கீழே இறங்குவதே அரிது. காலையில் வெடி வைத்த குவாரியில் மதியச் சாப்பாட்டு நேரம்வரை தொழிலாளர் மூச்சில் போவது இந்தத் துகள்தான். புகை அடங்கிவிட்டது என்று கண் சொல்லும்; ஸ்டோக்ஸ் விதி அப்படிச் சொல்லாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 100 மைக்ரான் விட்டமுள்ள ஒரு பரலை 1 மைக்ரான் துகள்களாக நொறுக்கினால் 10 லட்சம் துகள்கள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 100 மடங்காகும். கல் எந்திரங்கள் ஜல்லியிலிருந்து எம்-சாண்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் இக்காலத்தில் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. எவ்வளவு பொடியாக அரைக்கிறோமோ அவ்வளவு புதுப் பரப்பு உண்டாகிறது. அப்போதுதான் பிளந்த சிலிக்காப் பரப்பு, பழைய பரப்பைவிட உயிரணுக்களுக்கு அதிகக் கேடு செய்வது என்றும் கண்டிருக்கிறார்கள். முகத்தில் கட்டும் துண்டின் இழைகளுக்கிடையே பல பத்து மைக்ரான் இடைவெளி இருக்கும். 1 மைக்ரான் துகளுக்கு அது திறந்த கதவு.

5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைகளையும் தாண்டி, காற்று நுண்ணறைகளை அடைகின்றன. அங்கே விழுங்கணுக்கள் காவல் இருக்கின்றன. நோய்க்கிருமியை விழுங்குவதுபோல் அவை சிலிக்காவையும் விழுங்குகின்றன. கிருமி செரித்துவிடும்; கல் செரிக்காது. விழுங்கிய அணு சாகிறது. துகள் வெளியே வருகிறது. அடுத்த அணு அதை விழுங்குகிறது. ஒவ்வொரு சாவின்போதும் வெளிப்படும் பொருள்கள் சுற்றியுள்ள திசுவைத் தூண்டி நார்த்தழும்பை வளர்க்கின்றன. வெங்காயத்தின் தோல்போல் அடுக்கடுக்காகத் தழும்பு சுற்றிச் சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. சுருங்கி விரிய வேண்டிய நுரையீரல் விறைத்துப் போகிறது. இதுவே சிலிகோசிஸ். 1870ஆம் ஆண்டு விஸ்கோன்டி என்ற இத்தாலியர் இப்பெயரை இட்டார். போன நுரையீரலைத் திரும்பத் தரும் மருந்து இன்றுவரை இல்லை. தூசியை விட்டு விலகிய பின்னும் நோய் வளரும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இது வேண்டியிருக்கும். மிதமான தூசியில் நோய் வெளிப்பட 10 ஆண்டுக்கு மேலாகும். கடுந்தூசியில் 5 முதல் 10 ஆண்டு. குவார்ட்ஸை மாவாக அரைக்கும் இடங்களில் சில மாதங்களே போதும். சிலிகோசிஸ் கண்டவரைக் காசநோய் பற்றும் வாய்ப்பும் பல மடங்கு கூடுகிறது. 1997இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் படிகச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

இந்த நோய் புதியதன்று. 17ஆம் நூற்றாண்டில் டீமர்பிரோக் என்ற டச்சு மருத்துவர், இறந்த கல்தச்சர்களின் நுரையீரலை அறுத்தபோது மணல் மூட்டையை அறுப்பதுபோல் கத்தி உரசியதாக எழுதினார். 1700இல் இத்தாலிய மருத்துவர் ராமாசினி தம் நூலில் இதை எடுத்துக்காட்டினார். நோயாளியிடம் மற்றக் கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறாய் என்றும் மருத்துவர் கேட்க வேண்டும் என்று சொன்னவர் அவரே.

மருத்துவர்கள் கண்டுகொண்ட நோயைச் சட்டம் கண்டுகொள்ள இருநூறு ஆண்டுக்கு மேலாயிற்று. 1897இல் பிரிட்டனில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வந்தபோது அது விபத்தை மட்டுமே அறிந்திருந்தது. விபத்து என்றால் எளிது: நாள் உண்டு, இடம் உண்டு, கண்ட சாட்சி உண்டு. 1906இல் ஆறு தொழில்நோய்களைச் சேர்த்தார்கள். ஈயம், பாதரசம் போன்றவற்றின் நச்சு அதில் இருந்தது, கல்தூசி இல்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் சாவு பெருகியதால் அங்கே 1911, 1912 ஆண்டுகளில் தனிச் சட்டங்கள் பிறந்தன. பிரிட்டன் 1918இல் சிலிகோசிஸுக்கென ஒரு சட்டம் செய்தது. அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையை 1930, 31ஆம் ஆண்டுகளில் சிலிக்கா மிகுந்த பாறையில் தண்ணீர் விடாமல் துளைத்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். குறைந்தது 764 பேர் இறந்தனர் என்று 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தொடரப்பட்ட வழக்குகள் சொற்பத் தொகைக்குச் சமரசமாயின.

நம்மவர் கதை கோலாரில் தொடங்குகிறது. இயற்பியல் மாணவர்களுக்குக் கோலார் என்றால் நியூட்ரினோ நினைவுக்கு வரும். 1965இல் அங்கே நிலத்துக்கடியில் 2 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோவின் அடையாளம் கண்டறியப்பட்டது. 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் போனதும் அந்தச் சுரங்கங்களுக்குத்தான். இப்பெருமைகளைச் சொல்லும் பாடநூல்கள், அந்த ஆழத்தைத் தோண்டியவர்களின் மூச்சைப் பற்றிச் சொல்வதில்லை. 1880 முதல் ஜான் டெய்லர் குழுமத்தின் நிர்வாகத்தில் சுரங்கங்கள் நடந்தன. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்களே துளையிட்டார்கள், வெடி வைத்தார்கள், வாரிப் போட்டார்கள். தங்கம் அங்கே குவார்ட்ஸ் நரம்புகளில்தான் இருந்தது. தங்கத்தைத் தேடுகிறவன் குவார்ட்ஸை உடைத்தே ஆக வேண்டும்.

1940இல் மைசூர் அரசு சிலிகோசிஸ் விதிகளை இயற்றி, இந்நோய்க்கு நட்டஈடு உண்டு என்று ஏற்றது. சுரங்க வேலை தொடங்கி 60 ஆண்டுகள் கழிந்திருந்தன. விதி வந்த பின்னர்தான் பெரிய அளவில் மார்பு எக்ஸ் கதிர்ப்படச் சோதனை நடந்தது. 1947இல் வெளிவந்த அதன் முடிவு, சோதிக்கப்பட்ட ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு நோய் இருந்ததாகக் காட்டிற்று. எண்ணிப் பாருங்கள்: தேடாதவரை நோய் இல்லை, பணம் கொடுக்க வேண்டும் என்றதும் தேடினார்கள், தேடியதும் பாதிக்குச் சற்றுக் குறையக் கிடைத்தது. கோலாரில் இது முடிந்ததற்குக் காரணம், அங்கே ஒரே முதலாளி, ஒரே மருத்துவமனை, ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் பெயர் என்ற நிலை இருந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது.

திண்டிவனம், வானூர்ப் பக்கத்துக் குவாரித் தொழிலாளியின் நிலைமை வேறு. மற்ற இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருந்தது. அதன் மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸும், அதனோடு சேர்ந்த காசநோயும் இடம்பெற்றன. அட்டவணையில் உள்ள நோய் விபத்துக்குச் சமமாகக் கருதப்படும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விபத்துக்குச் சமம் என்றால் விபத்துக்குரிய தேதியும் வேண்டும் அல்லவா? நோயால் தொடர்ச்சியாக வேலைக்கு வராமல் நின்ற நாள்களில் முதல் நாளையே விபத்து நாளாகச் சட்டம் வைத்துக்கொண்டது. அதிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வேலையை விட்டுப் போன பிறகு நோய் வந்தால்? விட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் அறிகுறி தோன்றியிருந்தால் அறிகுறி கண்ட நாள் விபத்து நாளாகும் என்று ஒரு விலக்கு விதி பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

ஒரு கற்பனைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். 20 வயதில் குவாரியில் துளை போடும் வேலைக்குச் சேருகிறார். 8 ஆண்டில் மூன்று குவாரிகள் மாறுகிறார். கூலி வார முடிவில் மேஸ்திரி கையால் வரும், சீட்டு கிடையாது. 28 வயதில் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார். 36 வயதில் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்குகிறது. எக்ஸ் கதிர்ப்படத்தில் நுரையீரலின் மேற்பகுதியில் புள்ளிகள். காசநோயிலும் மேற்பகுதியே முதலில் கெடும். எனவே ஆறு மாதம் மாத்திரை. குணமில்லை, மறுபடியும் மாத்திரை. என்ன தொழில் என்று கேட்டால், இப்போது கொத்து வேலை என்பார். குவாரியை விட்டு 8 ஆண்டு ஆகிவிட்டது. சட்டத்தின் விலக்கு 2 ஆண்டோடு முடிந்துவிட்டது. மூன்று முதலாளிகளில் எவர் தூசி இது? பல முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால் அவர்களுக்குள் பங்கிட்டுத் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருந்தது உண்மை. ஆனால் அவர்களிடம் வேலை செய்ததற்கு அத்தாட்சி வேண்டுமே.

இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கை நசுங்குவதைக் கண்முன் வைத்து எழுதினார்கள். ஒரு துகள் 10, 20 ஆண்டு வேலை செய்யும் என்ற உண்மைக்கு அந்தச் சட்டகத்தில் இடமில்லாமல் போயிற்று.

கதவு வேறு பக்கத்தில் திறந்தது. அரியானாவின் பரீதாபாத் கல்குவாரிகளில் கொத்தடிமைகளாக இருந்தவர்களைப் பற்றிப் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு எழுதிய கடிதத்தையே உச்சநீதிமன்றம் மனுவாக ஏற்றது. 1983 டிசம்பர் 16ஆம் நாள் வந்த தீர்ப்பில் தூசிக்கும் இடம் இருந்தது. கிரஷருக்கு மேலே தண்ணீர்ப் பீப்பாய் வைத்து இடைவிடாமல் தெளிக்க வேண்டும், அல்லது தூசியை உறிஞ்சும் எந்திரம் வைக்க வேண்டும் என்று நீதிபதிகள் கட்டளையிட்டார்கள். நாட்டின் உச்சநீதிமன்றம் பீப்பாய்வரை இறங்கி வர வேண்டியிருந்தது என்பது வியப்புத்தான். 1995இல் கல்நார் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று அதே மன்றம் கூறியது. அவர்களின் மருத்துவப் பதிவுகளை 40 ஆண்டு பாதுகாக்கும்படியும் ஆணையிட்டது. நோயின் கடிகாரத்துக்கு ஏற்ற எண் முதன்முறையாக அங்கே தென்பட்டது.

அடுத்தது கோத்ரா. மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டப் பழங்குடியினர் பிழைப்புத் தேடிக் குஜராத்தின் கோத்ரா, பாலாசினோர்ப் பகுதிகளில் குவார்ட்ஸை மாவாக்கும் ஆலைகளுக்குப் போனார்கள். சில மாதம், ஓரிரு ஆண்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிச் செத்தார்கள். பதிவேடு, கூலிச் சீட்டு எதுவும் இல்லை. நட்டஈட்டு ஆணையர் முன் போனால் நிற்காத வழக்கு. தேசிய மனித உரிமை ஆணையம் 2010 நவம்பரில், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாயைக் குஜராத் அரசு தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2016 மே 4ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதைச் செலுத்தும்படி உத்தரவிட்டது. மொத்தம் 7 கோடியே 14 லட்சம். ஆலைகளைக் கண்காணிக்கத் தவறிய அரசே இங்கே பொறுப்பாளி ஆயிற்று.

ராஜஸ்தான் 2019இல் இன்னும் ஓரடி வைத்தது. நோய் இருப்பதாக மருத்துவக் குழு சான்று தந்தால் 3 லட்சம். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். எந்தக் குவாரி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இதை நான் வரவேற்கிறேன்; மூச்சுத் திணறுபவர் பதிவேட்டைத் தேடி அலையாமல் இருப்பது பெரிய விடுதலை. ஆனாலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. பணம் பொது நிதியிலிருந்து போகும்போது, தண்ணீர் தெளிக்காமல் மிச்சம் பிடித்த முதலாளியின் கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. தூசிக்கு விலை வைத்தாலொழிய பீப்பாயில் தண்ணீர் நிரம்பாது.

எவ்வளவு தூசி தகும் என்பதற்கும் ஒரு வாய்பாடு உண்டு. 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் அது சேர்க்கப்பட்டது: நுண்தூசியில் குவார்ட்ஸ் நூற்றுக்கு எத்தனையோ அதோடு 2 கூட்டி, 10ஐ அதனால் வகுக்க வேண்டும். தூசியில் நூற்றுக்கு 38 பங்கு குவார்ட்ஸ் என்றால் கன மீட்டருக்கு 0.25 மில்லிகிராம். எட்டு மணி நேர வேலையில் ஒருவர் ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார். ஆக ஒரு நாளைக்கு உள்ளே போகத் தகும் குவார்ட்ஸ் 1 மில்லிகிராமுக்கும் குறைவு. ஓரிரு சர்க்கரைப் பரல்களின் எடை. அமெரிக்கா 2016இல் வகுத்த வரம்பு இதில் ஏறக்குறையப் பாதி. இதை அளக்கக் காற்றை வடிகட்டியில் இழுக்கும் கருவி வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

1923ஆம் ஆண்டுச் சட்டம், தொழிற்சாலைச் சட்டம், சுரங்கச் சட்டம் எல்லாம் 2020இல் இயற்றிய தொகுப்புகளில் கரைக்கப்பட்டு, அத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. சிலிகோசிஸ் அங்கும் அட்டவணையில் இருக்கிறது. கண்ட மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் இருக்கிறது. ஆனால் மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்த வரையறை 20 பேர் என்று உயர்ந்துவிட்டது. சிறு கிரஷரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று போய் எண்ணிப் பாருங்கள். பள்ளத்தில் கல் எடுப்பவருக்குச் சுரங்க விதி. மேட்டில் அரைப்பவருக்கு ஆலை விதி. இருவர் மூச்சிலும் போவது ஒரே தூசி.

விழுப்புரம் மாவட்டத்தில் கல் வேலை செய்பவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் இவற்றைச் சொல்லுங்கள். 1994இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் தொழில் பட்டியலில் கல் வெட்டுபவர், கல் உடைப்பவர் இடம்பெற்றிருக்கிறார்கள். பதிவு செய்துகொண்டால் அந்த அட்டையே தொழிலுக்கு ஓர் அத்தாட்சி. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறெங்கோ இருமலுக்குப் போனால், இப்போதைய வேலையை மட்டும் சொல்லாமல் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்தக் குவாரியில் இருந்தார் என்பதையும் சொல்லி, சீட்டில் எழுதித் தரும்படி கேட்கட்டும். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தும் மாத்திரை தொடர்ந்தால், சிலிகோசிஸாக இருக்குமா என்று கேட்பதில் தவறில்லை. எக்ஸ் கதிர்ப்படத்தைத் தூக்கி எறியக் கூடாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டே நோயின் படி நிர்ணயிக்கப்படுகிறது. ஐந்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் கையில் இருந்தால், புள்ளிகள் எப்போது தொடங்கின என்று அவற்றிலிருந்து சொல்ல முடியும்.